கோழிக்கு ஒரு டைட்டர், அத்தைக்கு ஒரு டைட்டர்

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் மாமா போன ஐப்பசியில் ஈரோட்டில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் அத்தையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இரண்டு. அத்தைக்கு எட்டு நாளாகக் காய்ச்சல். உள்ளூர் லேபில் டைபாய்டுக்கான விடால் சோதனை பார்த்ததில் 'ஓ' என்ற அளவு 160 என்று வந்திருக்கிறது. டைபாய்டு என்று சொல்லி ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. சந்தேகப்பட்டு, ரெண்டு நாள் கழித்து ஈரோட்டில் ஒரு பெரிய லேபில் மறுபடி பார்த்தார்கள். அங்கே 80.

"ஏனம்மிணி, ஒரே உடம்பு, ஒரே ரத்தம். அங்க நூத்தியறுவதுங்கறாங்க, இங்க எம்பதுங்கறாங்க. இதுல எவுங்க சொல்றது நெசம்?" என்று கேட்டார்.

இருபது வருஷத்துக்கு மேல் லேபில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களில் யார் திருடன் என்று கேட்கிற மாதிரி பார்ப்பார்கள். மாமாவிடம் சொன்ன பதில்: ரெண்டும் சரியாக இருக்கலாம், மாமா. அவருக்குக் கோபம்தான் வந்தது.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் கோபம் குறையும். நம் உடம்பில் ஒரு கிருமி நுழைந்தால் அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. டைபாய்டு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு 1896-ல் பாரிஸில் ஜார்ஜ் விடால் ஒரு வழி சொன்னார். செத்த டைபாய்டு கிருமிகளை நோயாளியின் சீரத்தோடு (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீர்) கலந்தால், ஆன்டிபாடி இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பால் திரிவது மாதிரி திரியும். சீரத்தை 20 மடங்கு நீர்த்துப் பார்க்கிறோம். பிறகு 40, 80, 160, 320. எந்தப் படி வரைக்கும் திரிகிறதோ அதுதான் டைட்டர். மோரில் தண்ணீர் விட்டுக்கொண்டே போய், எந்தச் சொம்பு வரைக்கும் புளிப்பு நாக்கில் தெரிகிறது என்று பார்ப்பது மாதிரி. ஒருவர் நாக்குக்கு மூன்றாவது சொம்பில் புளிக்கும், இன்னொருவருக்கு நான்காவதில் புளிக்கும். ரெண்டு நாக்கிலும் குறையில்லை.

80-க்கும் 160-க்கும் நடுவில் படி எதுவும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். உண்மையான அளவு 120 பக்கம் இருந்தால், ஒரு கை 80 என்று எழுதும், இன்னொரு கை 160 என்று எழுதும். ஒரே லேபில் ஒரே சீரத்தைக் காலையிலும் மாலையிலும் வைத்தாலும் ஒரு படி ஏறலாம், இறங்கலாம். அதனால்தான் டைட்டர் சோதனைகளில் ஒரு படி வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தது ரெண்டு படி, அதாவது நான்கு மடங்கு மாறினால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அத்தையின் 160-க்கும் 80-க்கும் இடையே ஒரே ஒரு படி.

இதில் கையும் கண்ணும் எவ்வளவு பேசுகின்றன என்று வெளியே யாருக்கும் தெரிவதில்லை. முறையான விடால் டியூபில் வைப்பது. வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள். சீரத்தை நீர்த்து, ஆன்டிஜென் (அந்தச் செத்த கிருமிக் கலவைதான்) ஊற்றி, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இரவெல்லாம் வைத்துவிட்டுக் காலையில் எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஆன்டிபாடி இல்லாத குழாயில் கிருமிகள் அடியில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு புள்ளியாகக் குவிந்து கிடக்கும். இருந்தால், கிருமியின் உடலுக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்க்கும் 'ஓ' குழாயில் அடி முழுக்கத் தரைவிரிப்பு மாதிரி பரவியிருக்கும். கிருமியின் வாலுக்கு எதிரானதைப் பார்க்கும் 'எச்' குழாயைத் தட்டினால் இலவம்பஞ்சுப் பொதி மாதிரி மேலே எழும்பும். கடைசிப் படியில் பொத்தானா, விரிப்பா என்று முடிவு செய்வது ஒரு மனிதக் கண்.

ஆனால் சின்ன ஊர்களில் டியூப் விடால் வைக்க நேரம் ஏது? சிலைடில் பார்க்கிறார்கள். சீரத்தில் ஒரு சொட்டு, நீலமும் சிவப்புமாக இருக்கும் ஆன்டிஜெனில் ஒரு சொட்டு, குச்சியால் கலந்து சிலைடை ஒரு நிமிஷம் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நிமிஷம். வாசலில் ஆள் கூப்பிட்டார் என்று எழுந்து போய்விட்டு மூன்று நிமிஷம் கழித்து வந்து பார்த்தால், ஓரத்தில் சொட்டு காய்ந்து மணல் மணலாகத் தெரியும். அதையும் பாசிட்டிவ் என்று எழுதிவிடலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி எழுதி, சீனியர் அக்கா கூப்பிட்டு அந்தச் சிலைடை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, "இது காஞ்சது கண்ணு, திரிஞ்சது இல்ல" என்று சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

மாமாவுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டைட்டர் என்ற வார்த்தையை நான் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் நோய், அவர்கள் பேச்சில் ராணிக்கெட், பண்ணைக்காரர்களுக்கு எமன். தடுப்பூசி போட்டது பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் கோழிகளின் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அங்கேயும் இதே இரட்டிப்பு நீர்த்தல்தான்; 96 குழி உள்ள தட்டில், கோழி ரத்தச் சிவப்பணுவை வைத்துப் பார்ப்பார்கள். முடிவை ரெண்டின் அடுக்காக, ஆறு, ஏழு என்று சொல்வார்கள். பல லேபுகளில் நாலு யூனிட் வைரஸ் வைத்துச் செய்வார்கள். எட்டு யூனிட் வைத்துச் செய்தால் அதே சீரம் ஒரு படி குறைவாகக் காட்டும். அதனால் மாமா லேபை மாற்றவே மாட்டார்.

ஒரு கோழியின் டைட்டரை வைத்து அவர் எந்த முடிவும் எடுத்தது கிடையாது. ஷெட்டுக்கு இருபது கோழியில் ரத்தம் எடுப்பார். எத்தனை வாரக் கோழி, கடைசி ஊசி எப்போது போட்டது என்று எழுதி அனுப்புவார். ஊசிக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் குறித்திருப்பார். சராசரி நன்றாக இருந்தாலும், பாதிக் கோழி மூன்றிலும் பாதிக் கோழி ஒன்பதிலும் நின்றால் அந்த ஷெட்டை நம்ப மாட்டார். இத்தனை கணக்குப் பார்க்கிற மனுஷன், கட்டின மனைவிக்கு ஒற்றை ரத்தம், ஒற்றை எண், ஊசிக்கு முன் எவ்வளவு இருந்தது என்ற விவரமே இல்லாத ஒரு சீட்டு, அதை வைத்து ஆறு நாள் ஊசி போட ஒத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

விடாலுக்கும் முறை அதுதான். முதல் ரத்தம், ஏழிலிருந்து பத்து நாள் கழித்து ரெண்டாவது ரத்தம், ரெண்டும் ஒரே லேபில், முடிந்தால் ஒரே நாளில் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு மடங்கு ஏறியிருந்தால் டைபாய்டு என்று சொல்ல ஓர் ஆதாரம் கிடைக்கும். ஒற்றை விடாலுக்கு ஏன் மதிப்புக் குறைவு என்றால், நம் ஊர்த் தண்ணீரில் டைபாய்டு கிருமியும் அதன் உறவுக் கிருமிகளும் புதிதல்ல. எப்போதோ வந்துபோனது, தடுப்பூசி போட்டுக்கொண்டது, காய்ச்சலே இல்லாமல் உடம்பு கிருமியைச் சந்தித்தது என்று பல காரணங்களால் ஆரோக்கியமான ஆளிடமும் 40, 80 இருக்கும். டெங்கு, மலேரியா மாதிரி வேறு காய்ச்சலிலும் பழைய ஆன்டிபாடி கொஞ்சம் கிளறப்பட்டு மேலே வரும். எந்த எண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். டைபாய்டை உறுதிப்படுத்துவது, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தம் எடுத்து, அதிலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர்தான். அது செலவு, ரெண்டு மூன்று நாளாகும். அதனால் சிலைடு ஜெயிக்கிறது.

விடால் பழைய சோதனை. இப்போது எலைசா, சி.எல்.ஐ.ஏ. என்று மெஷினே படித்துச் சொல்கிறதே, அதிலும் லேபுக்கு லேப் மாறுமா என்று கேட்பவர்கள் உண்டு. மாறும். கண் செய்த தவறு குறைகிறது, ஆனால் வேறு ஒரு விஷயம் உள்ளே வருகிறது: கிட். ஆன்டிபாடியைப் பிடிக்க ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தூண்டில் போடுகிறது. கொரோனா காலத்தில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2021-ல் கோவிஷீல்டு போட்டுக்கொண்டு, "ஊசி வேலை செய்ததா பார்க்கணும்" என்று திருப்பூரிலும் கோவையிலும் பணம் கட்டி ஆன்டிபாடி பார்த்தவர்கள் ஏராளம். அந்த ஊசி உண்டாக்குவது வைரஸின் முள்ளுக்கு எதிரான ஆன்டிபாடி. சில கிட்டுகள் தேடியதோ வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை. ஊசி நன்றாகப் பிடித்த ஆளுக்கும் அந்தக் கிட் நெகட்டிவ் காட்டும். லேபும் தவறு செய்யவில்லை, ஊசியும் தோற்கவில்லை, ஆனால் எத்தனை வீட்டில் அன்று ராத்திரி தூக்கம் போனது!

எண்களிலும் இதே குழப்பம். ஒரு கிட்டின் 1000 யூனிட்டும் இன்னொரு கிட்டின் 1000 யூனிட்டும் ஒன்று கிடையாது. இதைச் சரிசெய்ய உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொது அளவுகோல் மாதிரியைக் கொண்டுவந்தது. அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது ஒரு பிரபல கிட்டின் 1000 யூனிட் வெறும் 142 ஆனது. இன்னொன்றின் 1000 ஏறத்தாழ 1000 ஆகவே நின்றது. பக்காப் படியில் அளந்த அரிசியையும் லிட்டர் படியில் அளந்த அரிசியையும் படி கணக்கில் ஒப்பிட்டுவிட்டுச் சண்டை போடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

தைராய்டுக்குப் பார்க்கும் டி.பி.ஓ. ஆன்டிபாடி இதற்கு நல்ல உதாரணம். ஒரு மெஷினில் 9-க்குக் கீழ் இயல்பு, இன்னொன்றில் 34-க்குக் கீழ், மற்றொன்றில் 60-க்குக் கீழ். ஒரு லேபில் 50 என்று வந்தால் அது அதிகம். அடுத்த லேபில் அதே 50 இயல்பு. எண்ணை மட்டும் போனில் சொல்லி "அதிகமா, கம்மியா?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பேன். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சில மெஷின்களின் வேலையே பயோட்டினை வைத்துத்தான் நடக்கிறது, ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் முடிவு தாறுமாறாகும்.

மூட்டுவலிக்கு எழுதித்தரும் ஏ.என்.ஏ. சோதனையில், அதாவது உடம்பு தன் செல்லுக்கே எதிராக உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுவதில், இன்னும் மோசம். எலைசாவில் ஒரு முடிவு வரும், மைக்ரோஸ்கோப்பில் ஒளிரும் செல்களைப் பார்த்துச் சொல்வதில் இன்னொன்று வரும். 40 மடங்கு நீர்ப்பில் பார்த்தால் ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்கு முப்பது பேர் வரை பாசிட்டிவ் ஆவார்கள். 160-ல் ஐந்து பேர். எந்தப் படியில் கோடு போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஆள் நோயாளியாகவும் இருக்கலாம், சுகவாசியாகவும் இருக்கலாம்.

இங்கே எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஒரு சோதனை, நோய் இல்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்கிறது, நோய் உள்ள ஒருவரையும் விடாமல் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சோதனைதான். கோவையில் ஒரு மில்லில் ஆயிரம் பேருக்குச் செக்கப் பேக்கேஜில் இதையும் சேர்க்கிறார்கள். அந்த ஆயிரத்தில் நிஜமாக நோய் இருப்பது 10 பேருக்கு. அந்தப் பத்துப் பேரும் பாசிட்டிவ். மீதி 990 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம் கிட்டத்தட்ட 50 பேரும் பாசிட்டிவ். ஆக அறுபது பாசிட்டிவ் சீட்டில் ஐம்பது பொய். லேப் சுத்தம், கிட் தரம், கை பழக்கம் எல்லாம் சரியாக இருந்தும் இந்தப் பொய் வரும். அதே சோதனையை, நோய்க்குறி பார்த்து டாக்டர் சந்தேகப்பட்டு அனுப்பிய நூறு பேருக்குச் செய்தால் பெரும்பாலான பாசிட்டிவ் நிஜமாக இருக்கும். யாருக்குச் செய்கிறோம் என்பதில்தான் சோதனையின் நம்பகம் பாதி இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டு கட்டிய ஏற்பாடு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. லாரித் தொழில் நடக்கும் நாமக்கல் ஒரு காலத்தில் எச்.ஐ.வி. அதிகம் பதிவான மாவட்டங்களில் ஒன்று. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று ஒற்றைச் சோதனையை வைத்துச் சொல்லவே மாட்டார்கள். முதல் கிட் பாசிட்டிவ் காட்டினால் ரெண்டாவது கிட், பிறகு மூன்றாவது. மூன்றும் வேறு வேறு ஆன்டிஜென், வேறு வேறு முறை. மூன்று முறையும் ஒரே கிட்டை வைத்தால், முதல் முறை செய்த தவறையே மூன்று முறை செய்யும். 1986-ல் சென்னையிலிருந்து, அப்போது நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலா எடுத்துப்போன சீரத்தில் ஆறு மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யின் எலைசாவில் நிறம் மாறியபோதும் உடனே அறிவித்துவிடவில்லை; அமெரிக்காவுக்கு அனுப்பி வேறு முறையில் உறுதி செய்த பிறகுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடு அறிந்தது. ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் ரெண்டாவது லேபுக்கு ஓடுவதைவிட ரெண்டாவது வகைச் சோதனைக்குப் போவது ஏன் மேல் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

சில ஆன்டிபாடி சோதனைகளை எத்தனை முறை செய்தாலும் தேறாது என்பதும் உண்டு. காசநோய்க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் கிட்டுகளை உலக சுகாதார நிறுவனம் 2011-ல் கூடாது என்றது; 2012-ல் இந்திய அரசு தடையே போட்டது. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு வந்த ரேபிட் ஆன்டிபாடி கிட்டுகளும் அப்படித்தான். ராஜஸ்தானிலிருந்து புகார் வந்த சில நாட்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அவற்றைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. டெங்குவிலும் அட்டை சோதனையை வைத்து அரசுக் கணக்கில் சேர்ப்பதில்லை, எலைசாதான். அட்டையில் ஐ.ஜி.ஜி. (நோய் போன பிறகும் நெடுநாள் தங்கும் ஆன்டிபாடி) கோடு மட்டும் விழுந்ததைப் பார்த்துவிட்டு டெங்கு என்று அலறி ஓடி வருபவர்களை மழைக்காலத்தில் தினமும் பார்க்கிறேன். அது பெரும்பாலும் எப்போதோ வந்த பழைய டெங்குவின் தடம். புது நோயில் முதலில் வரும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடிகூட ரெண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும்.

இத்தனையும் சொன்னதால் லேபுகளில் தவறே நடப்பதில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடக்கிறது, எனக்கு அது வலிக்கிறது. ஆன்டிபாடி ஒன்றும் மெழுகு பொம்மை கிடையாது. சீரத்தில் அது நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆனால் கிட்டில் இருக்கும் ஆன்டிஜெனுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். சித்திரை வெயிலில் நாலு மணி நேரம் கரண்ட் போய், பிரிட்ஜ் சூடாகி, மறுநாள் அதே கிட்டை எடுத்து வேலை பார்த்த இடத்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நோயாளியின் ரத்தத்தோடு முடிவு முன்பே தெரிந்த மாதிரிகளாக ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோலும் ஒரு நெகட்டிவ் கன்ட்ரோலும் வைக்க வேண்டும். கிட் தீர்ந்துவிடும் என்று அதை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. இதையெல்லாம்விட அதிகம் நடப்பது ரத்தம் எடுக்கும் இடத்தில்தான். ஒரே பெயரில் ரெண்டு பழனிச்சாமி வந்து டியூபில் பெயரை மட்டும் எழுதினால், எந்த மெஷினாலும் காப்பாற்ற முடியாது.

நல்ல லேப் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். வேலூர் சி.எம்.சி. மாதிரி நிறுவனங்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒரே மாதிரியைப் பல லேபுகளுக்கு அனுப்பி, எல்லோரும் என்ன பதில் சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டுவார்கள். லேபுகளின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் வாங்கிய லேபுக்கு இது கட்டாயம். ஆனால் அந்த அங்கீகாரம் சோதனை சோதனையாகத் தருவது. வாசலில் முத்திரை இருக்கிறது என்பதற்காக உள்ளே செய்யும் அத்தனை சோதனைக்கும் அது பொருந்தாது. என்ன முறை, எந்த மெஷின், இங்கே செய்ததா வெளியே அனுப்பியதா என்பது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் ரத்தம் கொடுக்காதீர்கள்.

அத்தை கதைக்கு வருகிறேன். மறுநாள் அவரை ஒரு மூத்த டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் ரெண்டு ரிப்போர்ட்டையும் ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, "வேலை என்னங்கம்மா பண்றீங்க?" என்று கேட்டார். மாட்டுக்குப் புல் அறுப்பேன் என்றார் அத்தை. வரப்பில் உட்கார்ந்தா என்றார். ஆமாங்க. நர்ஸம்மாவை அழைத்து உடம்பு முழுக்கப் பார்க்கச் சொன்னார். பாவாடை நாடா இறுகும் இடத்தில், இடுப்பு மடிப்புக்குள், பீடி நெருப்பு சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. வலியில்லாததால் அத்தைக்கே அது தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ். பேப்பர்களில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள். உண்மையில் புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. டாக்டர் அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் தொடங்கினார். ரெண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கான ஐ.ஜி.எம். எலைசாவும் அன்றே அனுப்பியிருந்தார். கோவையிலிருந்து பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தபோது அத்தை எழுந்து கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சோதனையிலும் எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்ற கோடு ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆனால் இங்கே பொருக்கு முதலில் பேசிவிட்டது, எலைசா பின்னால் வந்து ஆமாம் என்றது.

ரெண்டு லேபும் அத்தையை ஏமாற்றவில்லை. அவர்களிடம் கேட்ட கேள்வி தவறு.

பத்து நாள் கழித்து, என் மனத்திருப்திக்காக அத்தையின் ரத்தத்தை அதே ஈரோட்டு லேபில் மறுபடி விடாலுக்குக் கொடுத்தேன். 'ஓ' 80. ஒரு படிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. மாமாவிடம் சீட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோழிக் கணக்கு நோட்டைப் பார்க்கிற அதே முகத்தோடு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இது ஊசிக்கு முந்தின ரீடிங்குங்க அம்மிணி. இவளுக்கு எப்பவுமே இருக்கறது" என்றார்.